ஊருக்குப் போய்வர யார் காசு தருவது?

"உங்க ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடைம்மா?"

1990இல், முனைவர் பட்ட ஆய்வுக்கான உதவித்தொகை நேர்காணலில் என்னிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி இது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் இருந்தார்கள். நான் ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டு போனது கீன்ஸ், அமர்த்தியா சென், பசுமைப் புரட்சியின் விளைவுகள். கேட்டவர் வேட்டி கட்டிய வயதான பொருளியல் பேராசிரியர். "மூணு மடை சார். வடக்கு மடை தூர்ந்து பதினஞ்சு வருசமாச்சு" என்றேன். "ஏன் தூர்ந்துச்சு?" என்றார். அடுத்த இருபது நிமிடம் அந்த ஒரு மடையைப் பற்றித்தான் பேசினோம். அது யார் யார் நிலத்துக்குப் பாய்ந்தது, நீர்பாய்ச்சிக்கு அளக்கும் நெல் எந்த வருடத்தோடு நின்றது, கிணறு வெட்டி பம்புசெட் போட்டவர்கள் யார், போட முடியாதவர்கள் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெளியே வந்தபோது, தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்த ஒன்பது பக்க ஆய்வுத் திட்டத்தைவிட, நான் என்ன ஆராயப் போகிறேன் என்பது எனக்கு நன்றாக விளங்கிவிட்டது.

வராந்தாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து என்னோடு வந்தவர். "என்னம்மா கேட்டாங்க?" என்றார். "நம்ம வடக்கு மடையைப் பத்திக் கேட்டாங்கப்பா" என்றேன். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு படித்தவர்களுக்கு நம் ஊர் மடை எதற்கு என்ற யோசனையோடே ஊர்வரை வந்தார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் 18ஆம் தேதி, என் மாணவி ஒருத்தி மதுரையில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தேர்வு எழுதினாள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி, சமூகவியலில் எம்.ஏ. சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆராய வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய அம்மாவும் சித்தியும் அந்த வேலை செய்தவர்கள். அன்றைக்கு நாடு முழுக்க 9,08,580 பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள். மறுநாள் ராத்திரி தேர்வே ரத்து என்று அறிவிப்பு வந்தது. வினாத்தாள் கசிந்ததாக டெலிகிராமில் ஒரு படம் சுற்றியதுதான் காரணம். அந்தப் படம் திருத்தி உருவாக்கப்பட்ட போலி என்று பின்னால் சிபிஐ விசாரணையில் தெரிய வந்தது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலுமாக மறுதேர்வு நடந்தது. அதை எழுதியவர்கள் 6,84,224 பேர். ஆக, ஜூனில் எழுதியவர்களின் எண்ணிக்கையில் 2,24,000க்கும் மேல் குறைந்துவிட்டது. அந்த எண்ணை நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை பஸ்ஸுக்கும் தங்குவதற்கும் காசு இல்லாதவர்கள், லீவு கிடைக்காதவர்கள், கைக்குழந்தையை இரண்டாவது முறை யாரிடம் விடுவது என்று தெரியாதவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

என் மாணவி திரும்பப் போய் எழுதினாள். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினாள். அந்தத் தேர்வில் நாடு முழுவதற்கும், எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து, ஜேஆர்எஃப் கிடைத்தவர்கள் 4,970 பேர்தான். அவள் ஊரில் அது என்ன என்று யாருக்கும் தெரியாது. "கவர்மெண்டுல மாசம் முப்பத்தேழாயிரம் குடுத்துப் படிக்க வைக்கிறாங்களாம்" என்று மட்டும் பரவியது. ஆனால் தேர்வுக்கு விண்ணப்பித்ததிலிருந்து பணம் அனுமதிக்கப்பட்டதுவரை, அந்த உதவித்தொகையைக் கொடுக்கும் இடத்திலிருந்து ஒருவர்கூட அவளிடம் "நீ எதைப் பற்றி ஆராயப் போகிறாய்?" என்று கேட்கவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் எனக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் அதுதான்.

அன்றைய வழி நல்ல வழி என்று நான் சொல்லவரவில்லை. அதன் கஷ்டம் பட்டவளுக்குத்தான் தெரியும்.

முதலில், உதவித்தொகை என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டும். கல்லூரி அறிவிப்புப் பலகை, நூலகத்துக்கு வாரம் ஒருமுறை வரும் எம்ப்ளாய்மெண்ட் நியூஸ், ஆங்கில நாளிதழின் உள்பக்கத்துச் சின்ன விளம்பரம், இவ்வளவுதான் வழி. கிராமத்துப் பிள்ளை கண்ணில் அது பட்டால் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும். வங்கியில் வரிசையில் நின்று டிடி எடுக்க வேண்டும். நம் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய நீள உறையை உள்ளே வைத்து விண்ணப்பப் படிவம் கேட்டு அனுப்ப வேண்டும். படிவம் வந்து சேர்ந்தால் சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து. எங்கள் ஊருக்கு அருகில் கெஜட்டட் ஆபீசர் என்றால் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்தான். நோயாளிகள் வரிசை முடியும்வரை காத்திருந்து, பதினொரு நகல்களிலும் கையெழுத்து வாங்கினேன். அதன் பிறகு மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் மாடியில் இருந்த தட்டச்சுப் பள்ளி. பக்கத்துக்கு இரண்டு ரூபாய். மூன்று கார்பன் நகல். ஏழாவது பக்கத்தில் 'கலுங்கு' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தட்டச்சு செய்த அக்கா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அப்படியே ஒலிபெயர்த்து அடித்துக்கொடுத்தார்.

இதெல்லாம் சிரமம்தான், அநியாயம் இல்லை. அநியாயம் வேறொரு இடத்தில் இருந்தது. கைடு என்று ஒருவர் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நகராது. அவர் யாரை ஒப்புக்கொள்வார் என்பதற்கு எழுதிவைத்த விதி கிடையாது. யாருடைய சிபாரிசு, எந்த ஊர், எந்தச் சாதி என்பதெல்லாம் பேசாமலே பேசப்படும். ஒப்புக்கொண்ட பிறகு வீட்டு வேலைகள் தொடங்கும். ஒரு கைடு வீட்டுக்கு ரேஷன் வாங்கிக் கொடுத்த ஆய்வு மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு இன்னொரு கேள்வி கூடுதலாக இருந்தது. நான் முதலில் போய்ப் பார்த்த பேராசிரியர் என் திட்டத்தைப் பிரிக்கவே இல்லை. "நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போயிடுவ. ஒரு சீட்டு வீணாகும்" என்றார். அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அப்பா திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே, பொதுத்தேர்வு ஒன்று வந்ததை நான் பெரிய நன்மையாகவே நினைக்கிறேன். ஜேஆர்எஃப் திட்டம் 1984இல் தொடங்கியது. 1989 டிசம்பரில் விரிவுரையாளர் தகுதியும் அதே தேர்வோடு சேர்ந்தது. யாருடைய தயவும் இல்லாமல், மதிப்பெண் வாங்கினால் பணம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் புதிய காற்று. கையில் ஜேஆர்எஃப் கடிதத்தோடு போகிற மாணவியைக் கைடுகள் தேடிவந்து சேர்த்துக்கொண்டார்கள். 2005இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை வந்தது. ஆண்டுக்கு 2,000 பேர். 2009இல் சிறுபான்மையினருக்கு மௌலானா ஆசாத் உதவித்தொகை வந்தது. 2014இல் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்று வந்தது. என் வகுப்பறையின் முகமே அந்தப் பத்தாண்டுகளில் மாறியது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் ஆய்வுக்குள் நுழைந்தார்கள். துப்புரவுத் தொழிலையும் செங்கல் சூளையையும் ஏட்டில் மட்டும் படித்தவர்கள் இருந்த துறைக்கு, அந்த வீடுகளில் பிறந்தவர்கள் வந்தார்கள். சமூக அறிவியலுக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறு என்ன இருக்க முடியும்?

ஜேஆர்எஃப் தொகையும் உயர்ந்தது. 2010இல் மாதம் 16,000 ரூபாய். 2014 டிசம்பரில் 25,000. 2019இல் 31,000. 2023 ஜனவரி முதல் 37,000. இரண்டு வருடம் முடிந்து சீனியர் நிலைக்குப் போனால் 42,000. வயது வரம்பு 2018இல் 28இலிருந்து 30 ஆனது; பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் அதற்குமேல் 5 வருடம் சலுகை. இதையெல்லாம் யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். 37,000 ரூபாய் என்பது ஒரு பெண் தன் கல்யாணத்தை ஐந்து வருடம் தள்ளிப்போட வீட்டில் பேசுவதற்கான பலம்.

ஆனால் தேர்வின் உள்ளே நடந்த மாற்றத்தை வெளியே பலரும் கவனிக்கவில்லை. அந்தக் காலத்து நெட் தேர்வில் மூன்றாவது தாள் விரிவாக எழுதும் தாள். கேள்வியைப் படித்து யோசித்து, பக்கம் பக்கமாகப் பேனாவால் எழுத வேண்டும். யாரோ ஒரு பேராசிரியர் அதை உட்கார்ந்து படிப்பார். திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் மாறும் என்ற குறை உண்மைதான். முடிவு வரவும் மாதக்கணக்கில் ஆகும். 2012 ஜூனிலிருந்து மூன்று தாள்களும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள்களாகின. 2018இல் இரண்டு தாள்களாகச் சுருங்கின. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாவதில் 100, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதே ஆண்டு டிசம்பரிலிருந்து தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது, பெரும்பாலும் கணினியில். அதாவது, ஒருவருக்கு ஐந்து வருட ஆய்வுப் பணம் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும்போது, அவர் சொந்தமாக எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தைக்கூட யாரும் படித்திருப்பதில்லை.

என் மாணவி அந்தத் தேர்வுக்குப் படித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எமில் துர்க்கைமின் நூல்களை வெளிவந்த வருட வரிசையில் அடுக்கு. கூற்று சரி, காரணம் தவறு. இடப்பக்கம் ஆசிரியர்கள், வலப்பக்கம் கருத்தாக்கங்கள், பொருத்துக. யூடியூப் வகுப்பு, டெலிகிராம் குழு, பத்து வருடத்துப் பழைய வினாத்தாள். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. அந்த ஒன்றரை வருடத்தில் துர்க்கைமின் ஒரு நூலைக்கூட அவள் முழுதாகப் படிக்கவில்லை. படிக்க நேரமில்லை. "மேடம், புக்கைப் படிச்சா மார்க் போயிடும்" என்றாள். அவள் சொன்னது கணக்குப்படி சரி. அதுதான் எனக்கு வலித்தது.

மொழி விஷயத்தில் அன்றும் இன்றும் ஒன்றுதான். மொழிப் பாடங்களைத் தவிர மற்றப் பாடங்களுக்கு நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் வரலாறும் பொருளியலும் எம்.ஏ. படித்த பிள்ளைகள், தங்களுக்குத் தெரிந்த விஷயத்தைத் தெரியாத மொழியில் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். இந்தி வழியில் படித்தவருக்கு அந்தச் சிரமம் இல்லை. நாற்பது வருடமாக இது மாறவில்லை.

விண்ணப்பிக்கும் வேலை இப்போது கைபேசியில் நடக்கிறது. பச்சை மைக்குப் பதில் ஓடிபி. புகைப்படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து இத்தனைக்குள். ராத்திரி பதினொரு மணிக்கு இணையதளம் திணறும். கடைசித் தேதிக்கு முந்திய நாள் இ-சேவை மையத்தில் கூட்டம் நிற்கும். நம் பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் சாதிச் சான்று. மாநில அரசு கொடுத்த எம்பிசி, பிசி அட்டை கையில் இருக்கிறதே என்று நினைத்துவிடுகிறார்கள். மத்திய அரசு உதவித்தொகைக்கு அது செல்லாது. ஓபிசி சான்று தனியாக, வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற குறிப்போடு, நடப்பு ஆண்டுக்குச் செல்லுபடியாகும் தேதியோடு வேண்டும். இதைப் படிக்கிறவர் வீட்டில் யாராவது விண்ணப்பிப்பதாக இருந்தால், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் அந்தச் சான்றுக்கு இப்போதே மனுப் போடுங்கள். தாலுகா ஆபீஸ் அதே தாலுகா ஆபீஸ்தான்.

தேர்வில் ஜெயித்த பிறகு சேர்க்கை. 2024-25 கல்வியாண்டிலிருந்து முனைவர் பட்டச் சேர்க்கைக்கே நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று யுஜிசி சொல்லிவிட்டது. ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. சில மத்தியப் பல்கலைக்கழகங்கள் இதற்கு முன் நடத்திய நுழைவுத் தேர்வுகளில் ஒரு கட்டுரையாவது எழுதச் சொல்வார்கள். அதுவும் போகிறது.

எம்ஃபில் போனதும் எனக்குப் பெரிய இழப்பு. 2020 தேசியக் கல்விக் கொள்கை அதை நிறுத்தச் சொன்னது. 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகள் முடித்துவைத்தன. பெயருக்கு எம்ஃபில் கொடுத்த இடங்கள் ஏராளம் இருந்தன, மறுக்கவில்லை. ஆனாலும் கிராமத்துக் கல்லூரியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ஆய்வு என்றால் என்ன என்று ஒன்றிரண்டு வருடத்தில் காட்டிக்கொடுத்த இடம் அது. அடிக்குறிப்பு எப்படிப் போடுவது, ஆவணக் காப்பகத்தில் கோப்பு எப்படிக் கேட்பது, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வித்தாளை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் நான் எம்ஃபிலில்தான் கற்றேன். நேர்காணலில் மடையைப் பற்றி இருபது நிமிடம் பேச முடிந்ததும் அதனால்தான். இன்றைய பிள்ளை எம்.ஏ. முடித்து, இரண்டு வருடம் பொருத்துக படித்து, நேராக முனைவர் பட்டத்துக்குள் வந்து நிற்கிறது. முதல் ஆறு மாதம் திகைத்துப் போகிறது.

வெளிநாட்டு வழியும் இதேபோல ஒரு பக்கம் திறந்து ஒரு பக்கம் சாத்திக்கொண்டது. எங்கள் காலத்தில் ஏரோகிராமில் கடிதம் எழுதி, பல்கலைக்கழகக் கையேடு கப்பலில் வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி போய்விடும். இன்றைக்கு நியூயார்க்கிலோ லண்டனிலோ இருக்கும் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் சில நாளில் பதில் வருகிறது. ஆனால் இடமே குறைகிறது. 2024 நவம்பரில் பாஸ்டன் பல்கலைக்கழகம் மானுடவியல், சமூகவியல், அரசியல், வரலாறு உள்ளிட்ட பன்னிரண்டு துறைகளில் அடுத்த ஆண்டுக்கு முனைவர் பட்டச் சேர்க்கையையே நிறுத்தியது. நம் அரசு கொடுக்கும் தேசிய வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகை 1954இலிருந்து இருக்கிறது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கானது. 2022இல் அதன் விதியில் ஒன்று சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இனி அந்தப் பணம் கிடையாது. தன் தெருவைப் பற்றி ஆராய விரும்பும் பிள்ளை அந்தப் பணத்தில் வெளிநாடு போக முடியாது. இதைவிடத் தவறான ஒரு விதியை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. அதே 2022 டிசம்பரில் மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள்.

தன் ஊரை ஆராய்வது சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி. யாரிடம் எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று மாணவர்கள் எழுதி வந்தார்கள். 1918இல் அது புத்தகமாக வந்தது. 1930களில் அதே ஊர்களுக்கு வேறு ஆய்வாளர்கள் போனார்கள். அதற்குப் பின்னும் போனார்கள். பொருளியலாளர் மால்கம் ஆதிசேஷையா 1971இல் அடையாறில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தில் நூறு வருடத்தில் என்ன மாறியது என்று உலகத்துக்கு இன்று தெரிகிறது என்றால், அதன் முதல் பக்கம் அந்த மாணவர்கள் எழுதியது. சமூக அறிவியலாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் முதல் பெரிய நூலும் நாஞ்சில்நாட்டு வேளாண்மையைப் பற்றியதுதான். 1990இல், நான் என் கண்மாய்த் திட்டத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்த அதே வருடம் வந்தது.

சமூக அறிவியலுக்கு ஆய்வுக்கூடம் என்பது ஊர்தான். அங்கே போக வேண்டும், தங்க வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். அதற்கான பணம் எவ்வளவு? ஜேஆர்எஃப் உதவித்தொகையோடு எதிர்பாராச் செலவுத் தொகை என்று ஒன்று கொடுப்பார்கள். பிள்ளைகள் 'கன்டின்ஜென்சி' என்பார்கள். மானுடப்புல, சமூக அறிவியல் மாணவர்களுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதற்குப் பிறகு ஆண்டுக்கு 20,500. புத்தகம், பயணம், நகல், அச்சு எல்லாம் அதற்குள். மாத உதவித்தொகை 16,000ஆக இருந்த 2010இலும் இதே 10,000தான். இன்றைக்கு 37,000 ஆன பிறகும் அதே 10,000தான். மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 833 ரூபாய். உதவித்தொகையை மூன்று தடவை திருத்திய கை, களப்பணிக் காசின் மேல் ஒரு தடவைகூடப் படவில்லை.

மாதத் தொகையாவது மாதத்துக்கு மாதம் வருகிறதா? சேர்ந்த அறிக்கை, கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, பல்கலைக்கழக அலுவலகம் இணையதளத்தில் ஒவ்வொரு மாதமும் செய்ய வேண்டிய உறுதிப்படுத்தல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. இந்தச் சங்கிலியில் ஒருவர் லீவில் போனால் அந்த மாதம் போச்சு. என் காலத்தில் எனக்கு முதல் பணம் வர பதினொரு மாதம் ஆனது. அதுவரை அப்பா நெல் விற்ற காசில் இருந்தேன். என் மாணவிக்கு ஏழு மாதம். கணினி வந்து நான்கு மாதம் குறைந்திருக்கிறது. அந்த ஏழு மாதத்தில் விடுதிக் கட்டணத்துக்குத் தோழியின் நகையை அடகு வைத்தாள். ஜேஆர்எஃப் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிறவர்கள் நிலை இதைவிட மோசம். அவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். டெல்லியில் யுஜிசி வாசலில் மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் அது தப்பித்தது. தப்பித்ததே தவிர உயரவில்லை.

ஆய்வுத் திட்டத்தைப் படித்துப் பார்த்துப் பணம் கொடுக்கும் இடம் அறவே இல்லாமல் போகவில்லை. 1969இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் இன்றும் திட்டத்தைக் கேட்கிறது. மாதம் 20,000 தருகிறது. தமிழ்நாடு அரசும் முதலமைச்சர் பெயரில் ஆய்வு உதவித்தொகை ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அதற்கும் ஒரு தேர்வு. இவை இன்னும் பெருக வேண்டும், திட்டத்தைக் கேட்பவை குறிப்பாக. பொதுத்தேர்வை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எடுத்தால் பழையபடி கைடு வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். முதல் சுற்றைத் தேர்வே முடிவு செய்யட்டும். இரண்டாவது சுற்றில், வருபவர் பெயரை மறைத்து, அவர் தாய்மொழியில் எழுதிய இரண்டு பக்கத்தையாவது யாராவது படியுங்கள். தேர்வுக் கட்டணமாக லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் வாங்கும் பணத்தில் அதற்கு ஆள் போட முடியும்.

போன மாதம் என் மாணவி களத்திலிருந்து வந்தாள். கமுதியையும் சாயல்குடியையும் சுற்றி ஒன்பது ஊர். கைகளில் கருவேல முள் கிழித்த கோடுகள். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து அவளுடைய குறிப்பேடுகளைப் பிரித்தோம். வேர்க்கட்டையை அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, மூட்டம் வெந்து முடியும்வரை ராத்திரியில் யார் காவல் இருப்பது என்பதைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள். ஆண்கள் வெட்டுக்கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூட்டத்துக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டு விழித்திருப்பது பெண்கள். அந்த விழிப்புக்குக் கூலி இல்லை. எந்தக் கணக்கெடுப்பிலும் அது வேலை என்று பதிவாகவில்லை. "மேடம், இதைத்தான் நான் கேக்கணும்னு இருந்திருக்கேன். எனக்கே இப்பதான் தெரியுது" என்றாள். அவளுடைய அம்மா அப்படி விழித்திருந்த ராத்திரிகளில் அவள் பக்கத்தில் சாக்கு விரித்துத் தூங்கியவள்.

குறிப்பேட்டின் பின்பக்கங்களில் பஸ் டிக்கெட்டுகளை ஒட்டி வைத்திருந்தாள். நானும் அப்படித்தான் ஒட்டி வைத்திருந்தேன், கன்டின்ஜென்சிக் கணக்குக் காட்ட. சிவகங்கையிலிருந்து எங்கள் கண்மாய்க்கரைக்குப் போய்வந்த ஒவ்வொரு டிக்கெட்டும் என் பழைய நோட்டில் இருக்கிறது. எவ்வளவு ஆச்சு, கூட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பாதிக்கு மேல் டவுன் பஸ் டிக்கெட்டுகள், பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லாமல் கொடுப்பவை. மூன்று மாதம் முன்னால் அனுப்பிய கன்டின்ஜென்சி பில் இன்னும் திரும்பி வரவில்லை. களத்துக்கு அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது அந்த டவுன் பஸ்தான்.